அம்பு மேற்கே

முந்திரிக்கொட்டைக்கு மேல் எது, கீழ் எது என்று என்னிடம் முதன்முதலில் கேட்டவர் அவர்தான். ஒரு கொட்டையை உள்ளங்கையில் வைத்து மதில் மேலாக நீட்டினார். நான் நெய்வேலிக்கு வந்து சேர்ந்த புதிது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். முந்திரியைப் பாயசத்தில் பார்த்திருந்தேனே தவிர, கொட்டையாகக் கையில் வாங்கியதில்லை. ஆனாலும் என்ஜினியரிங் படித்தவன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. குண்டாக இருந்த பக்கத்தைத் தொட்டு, "இது கீழே" என்றேன்.

"இல்லீங்க சார். பழத்துல ஒட்டிகினு இருந்த பக்கம் இதாங்க. இது மேல வரணும். நட்டமா நிக்கக்கூடாது, கொஞ்சம் சாஞ்சாப்பல வெக்கணும்."

சொல்லிவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொட்டையின் முதுகில் சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டார். குனிந்து, அம்பு வானத்தைப் பார்க்கும்படி அதைக் குழியில் வைத்தார். மண்ணுக்குள் போகப்போகிற கொட்டைக்கு எதற்கு அம்பு என்று கேட்டேன்.

"வெக்கறப்ப கை மறந்துடும் சார். அம்பு மறக்காது."

அடுத்த குவார்ட்டர்ஸ் அவருடையது. நடுவில் ஒரு மதில்தான், இடுப்பளவு. சுரங்கத்தின் டிராயிங் ஆபீசில் வரைபடங்கள் வரைகிற வேலை அவருக்கு. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் வடக்கு எது என்று காட்ட ஓர் அம்பு போட வேண்டும். மற்றவர்கள் அதைக் கடைசியில் போடுவார்கள். இவர் வெள்ளைத்தாளில் முதல் கோடாக அதைத்தான் போடுவார். அம்பு இல்லாமல் யார் படம் கொடுத்தாலும் தொடமாட்டார். ஒருமுறை நான் அவசரமாக ஒரு பிளானைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வடக்கு எங்கங்க?" என்றார். எல்லாருக்கும் தெரிந்த இடம்தானே என்றேன். "எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னுதாங்க யாரும் போடாம வுட்டுடறாங்க" என்று தாளை என் கையிலேயே வைத்துவிட்டார். நான் அவருக்கு மேலதிகாரி. ஆபீசில் அவருக்கு 'அம்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

வீட்டில் அவர் அம்பு போடாத பொருளே கிடையாது. உப்பு டப்பாவில் அம்பு. மெத்தையில் அம்பு. பரண் மேல் இருந்த அட்டைப்பெட்டிகளில் எல்லாம் அம்பு. முருங்கைப் போத்து வெட்டினால் அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனிப்பக்கத்தைத் தட்டையாகவும் வெட்டுவார். அதற்கு மேல் அம்பும் வேறு. அவர் மனைவி மதிலருகே நின்று என் மனைவியிடம் சொல்வது எனக்குக் கேட்கும்.

"இவர் பொறக்கறப்ப கால் முன்னாடி வந்துச்சாம்க்கா. மருத்துவச்சி திட்டினே இழுத்துப் போட்டாளாம். அதுலேர்ந்து உலகத்துல எல்லாம் தலைகீழாவே இருக்குன்னு இவருக்குப் பயம். என்னிக்காவது எந் தலையிலயும் ஒரு அம்பு போடுவாரு பாருங்க."

அந்த அம்மாள் சிரிப்பு பக்கத்து பிளாக் வரை கேட்கும். அவர் கூச்சத்தோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மாலை அவர் வாசல்படியில் உட்கார்ந்து, ஆபீஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஒரு காகிதத்தில் கீரை விதை. கடுகில் பாதிகூட இல்லாத விதை.

"எது மேல்னு புரியலீங்க சார். ஒரு ஓரத்துல புள்ளி மாதிரி தெரியுது. அது மூக்கா, தொப்புளான்னு தெரியல."

உள்ளே இருந்து அந்த அம்மாள் வந்தார். காகிதத்தைப் பிடுங்கினார். கொத்தி வைத்திருந்த பாத்தியில் கைநிறைய அள்ளி வீசினார். "இந்தாங்க, போட்டாச்சு. இப்ப போயி ஒவ்வொண்ணுக்கும் அம்பு போட்டுக்கினு இருங்க" என்றார். அடுத்த வாரம் பாத்தி முழுக்கப் பச்சைப் பாய் விரித்தாற்போல் கீரை வந்திருந்தது. அவர் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை, ஒரு குழப்பம். "எல்லாமே மேல பாத்துதாங்க வந்திருக்கு" என்றார், யாரோ தன்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டதுபோல.

இதை எல்லாம் எழுதும்போது அவரை ஏதோ ஞானி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பல சமயம் அவர் பொறுக்கமுடியாத மனிதர். கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டும்போது போய் நின்று, குலை நுனி எந்தப் பக்கம் என்று கேட்பார். என் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரை ஒவ்வொரு முறையும் நேராக்குவார். அவரோடு சேனைக்கிழங்கு நட உட்கார்ந்தால் பொழுது போய்விடும். ஒவ்வொரு துண்டிலும் முளைக்கண் எங்கே என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் குழியில் இறக்குவார். அந்த விரல்கள் அப்போது ஒரு குழந்தையின் உச்சந்தலையைத் தடவுவதுபோல இருக்கும். எனக்குக் கோபமும் வரும், கண்ணை எடுக்கவும் முடியாது.

அவரிடம் ஒரே ஒரு விதி இருந்தது. சம்பங்கிக் கிழங்கு பிரித்துக் கொடுக்கும்போது என் மனைவியிடம் சொன்னார். "வேர் இருக்கற பக்கம் கீழங்க. கூரு மேல. சிலது அழுவிப் போயி ரெண்டுமே தெரியாது. அப்ப படுக்க வெச்சிடுங்க. அதுவா பாத்துக்கும். தெரியாதத தெரிஞ்ச மாதிரி மட்டும் நட்டுடாதீங்க."

என் மனைவி அப்படியே செய்தாள். நான் அந்த விதியைக் கடைப்பிடித்தவன் இல்லை. அந்த வருஷமே ஒரு முருங்கைப் போத்தை நட்டேன். மதிலுக்கு அப்பாலிருந்து அவர், "எந்தப் பக்கம் மேல்னு பாத்தீங்களா சார்?" என்றார். "பாத்தேன், பாத்தேன்" என்றேன். பார்க்கவில்லை. அது பட்டுப்போய் விறகாயிற்று. போத்து போனால் போகட்டும். அதே 'பாத்தேன்' என்ற வார்த்தையை அவரிடம் இன்னொரு நாளும் சொன்னேன்.

அந்த அம்மாள் ஓர் ஐப்பசி மாதத்தில் காய்ச்சலில் போனார். திடீரென்று. அவர்கள் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். விடாத மழை. குள்ளஞ்சாவடியிலிருந்து சொந்தக்காரர்கள் நனைந்துகொண்டே வந்தார்கள். தலைப்பக்கம் அகலமாகவும் கால்பக்கம் குறுகலாகவும் இருக்கிற வழக்கமான பெட்டி அன்று கிடைக்கவில்லை. ஒரு தச்சர் அவசரமாகப் பலகை அறைந்து செய்துகொடுத்தார். நான்கு மூலையும் ஒன்றுபோல, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரியான நீளப்பெட்டி. மேலே கறுப்புக் காகிதத்தில் ஒட்டிய சிலுவை, மழைக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது என்று பார்த்த உடனேயே தெரிந்தது.

மூடியை அறைந்ததும் அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூடியின் மேல், தலை இருக்கும் பக்கத்தைக் காட்டி ஓர் அம்பு போட்டார். அழுத்தி, இரண்டு முறை. பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"சார், அங்க என்னால பெட்டிகிட்ட நிக்க முடியாது. நீங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. எங்க வழக்கம், தலை மேற்க, கால் கெழக்க. கடைசி நாள்ல எழும்பறப்ப கெழக்க பாத்து எழும்பணும். அம்பு மேற்கே இருக்கணும். அத மட்டும் பாத்துடுங்க."

பார்க்கிறேன் என்றேன்.

கல்லறைத் தோட்டத்துக்குக் கிழக்கே வாசல், மேற்கே மதில். அதில் குழம்ப எதுவும் இல்லை. நான் உள்ளே நுழையும்போது எங்கள் பகுதிக்கு மேலான அதிகாரி ஒருவர் துக்கம் விசாரிக்க வந்திருந்தார். அவரிடம் குடை இல்லை. என் குடையை அவருக்குப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன். அவர் ஏதோ பேசினார். நான் தலையாட்டினேன். அந்தச் சமயம் எனக்கு ஒரு பதவி உயர்வு பேச்சில் இருந்தது. அதை மறைத்து எழுதி இனி ஆகப்போவது ஒன்றும் இல்லை. பெட்டியைச் சுமந்தவர்கள் சேற்றில் வழுக்கி, வழியில் இறக்கிவைத்து, ஆள் மாறி, சுற்றி வந்து குழியருகே வைத்தார்கள். மாலைகள் பெட்டியை முழுக்க மூடியிருந்தன. சாமியார் குடைக்குள் ஜெபப் புத்தகத்தை நனையாமல் பிடித்து வேகமாகப் படித்தார்.

கயிற்றில் பெட்டி இறங்கும்போது அவர் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்தபடி நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"அம்பு மேற்கேதானே சார்?"

"பாத்தேன். சரியா இருக்கு" என்றேன்.

அதன் பிறகுதான் மண் போடக் குழியோரம் போனேன். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பெட்டி உட்கார்ந்த அதிர்ச்சியில் மாலைகள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. பலகை தெரிந்தது. அம்பு தெரிந்தது. அது வாசலைக் காட்டியது.

ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கயிறு இன்னும் பெட்டிக்கு அடியில்தான் கிடந்தது. ஆட்கள் இருந்தார்கள். தூக்கித் திருப்பி வைத்திருப்பார்கள். கொஞ்சம் முணுமுணுத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் 'பாத்தேன்' என்று சொல்லியாகிவிட்டது. அதிகாரி பின்னால் நிற்கிறார். மண்ணுக்குள் போன பிறகு மேற்கென்ன, கிழக்கென்ன என்று என் படித்த புத்தி ஒரு வாக்கியம் எடுத்துக் கொடுத்தது. கையிலிருந்த மண்ணை அந்த அம்பின் மேலேயே போட்டேன்.

மழை நின்ற பிறகு அவர் கல்லறைக்குச் சிமெண்ட் கட்டினார். மேற்கு ஓரத்தில் சிலுவை நட்டார். அதன் அடியில் சம்பங்கி வைக்க வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார். ஒவ்வொரு கிழங்காக எடுத்து, கூர்முனையைத் தடவிப் பார்த்து, அம்பு போட்டு வைத்தார்.

"இங்க வெச்சா மூஞ்சிகிட்ட இருக்கும் சார். சாயங்காலத்துல வாசம் போவும் அவளுக்கு."

அவர் வைத்தது அந்த அம்மாளின் காலடியில். எனக்கு மட்டும் தெரியும். கிழங்குகளை நான்தான் கூடையிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சொல்லியிருக்கலாம். அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளன்று, மெழுகுவத்தியை அந்தச் சிலுவையருகே ஏற்றிவிட்டு, அவர் குனிந்து மெல்லிய குரலில் மகளின் மார்க்கைப் பற்றிச் சொன்னபோது சொல்லியிருக்கலாம். பூ அதிகமாக அதிகமாகச் சொல்வது கடினமாயிற்று. ஒரு வரிசையாக இருந்த சம்பங்கி புதராயிற்று. ரிடையர் ஆகி அவர் குள்ளஞ்சாவடியிலும் நான் வடலூரிலும் வீடு கட்டிக்கொண்டு போன பிறகும் அவர் பஸ் ஏறி வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். போகும் வழியில் என் வீட்டில் இறங்கி டீ குடிப்பார். "ஒரு தண்டு வுட்டிருக்கு சார், எம்மாம் ஒசரம்" என்பார்.

ஒருநாள் தாங்கமுடியாமல் சுற்றிவளைத்துக் கேட்டேன். "ஒரு கிழங்கைத் தெரியாம தலைகீழா வெச்சுட்டா என்ன ஆகும்?"

அவருக்கு அது விளையாட்டுக் கேள்வி இல்லை. டீயை முடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். பல நாள் கழித்து ஒரு மண்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். என் வீட்டு வராந்தாவில் செய்தித்தாள் விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தார். வேண்டுமென்றே தலைகீழாக நட்டிருந்த சம்பங்கிக் கிழங்கு. முளை கீழ்நோக்கிக் கிளம்பி, இருட்டில் வளைந்து, கிழங்கின் விலாவைச் சுற்றிக்கொண்டு மேலே வந்திருந்தது. வெளிறி, தூண்டில்முள் மாதிரி.

"பாத்தீங்களா, திரும்பிக்கிச்சு. எப்படி வெச்சாலும் அதுவா திரும்பிக்கும் சார். நாளாவும், அவ்ளோதான்."

"அப்போ பரவாயில்லைன்னு சொல்றீங்க" என்றேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பதுபோலக் கேட்டது.

அவர் அந்த வளைந்த முளையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அதுக்குப் பரவால்லீங்க. ஆனா பாவம், நாம ஒரு நிமிஷம் குனிஞ்சி பாத்திருந்தா அதுக்கு இந்தச் சுத்து எதுக்குங்க?"

அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். இல்லை. தெரிந்திருந்தால் தன் மனைவியின் காலடியில் போய் அவர் அவ்வளவு நாள் பேசியிருக்க மாட்டார். அவர் கிழங்கைப் பற்றித்தான் சொன்னார். அவர் எப்போதுமே கிழங்கைப் பற்றித்தான் சொன்னார்.

இந்த வருஷம் மாசியில் அவர் போய்விட்டார். மகள் சென்னையிலிருந்து வந்து எல்லாவற்றையும் செய்தாள். மனைவி பக்கத்திலேயே அவருக்கும் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெட்டியை மூடியதும் அவள் என்னிடம் வந்தாள். அவர் சட்டைப்பையில் இருந்த பென்சிலை நீட்டினாள். பல்லால் கடித்த தடம் அதன் நுனியில் இருந்தது.

"அங்கிள், அப்பாவுக்கு அம்பு நீங்க போட்டுடுங்க. அம்மாவுக்கு நீங்கதான் பாத்தீங்களாம். அடிக்கடி சொல்வார். 'அன்னிக்கு என்னால பாக்க முடியல, சார் இருந்தாரு, அதனால நிம்மதி'ன்னு."

பென்சிலை வாங்கினேன். அவளைக் கார் நிறுத்தும் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். குடையைச் சொன்னேன். அதிகாரியைச் சொன்னேன். வாசலைக் காட்டிய அம்பைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. நான் சொல்லி முடித்த பிறகும் காத்திருந்தாள், இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல. பிறகு கேட்டாள்.

"அப்போ அப்பா இத்தன வருஷமா அம்மாவோட கால்கிட்டயா பேசிட்டு இருந்தாரு?"

ஆமாம் என்றேன்.

"அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே அங்கிள். சிமெண்ட ஒடச்சு சிலுவைய அந்தப் பக்கம் வெச்சிருப்பாரு. அவருக்கு அது ஒரு நாள் வேல."

அது எனக்கு இத்தனை வருஷமும் தோன்றவே இல்லை. மன்னிப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவனுக்குத் திருத்திவிடலாம் என்று தோன்றவில்லை. அவள் என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டு போய், தானே அம்பைப் போட்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை வழக்கப்படி மேற்கே தலைவைத்து இறக்கத் திருப்பினார்கள். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"திருப்பி வைங்கண்ணா. தலை வாசல் பக்கம்."

குழி வெட்டியவர், "ஏம்மா, எல்லாரும் ஒரு பக்கம் இருக்கச்சொல்லோ இவுரு மட்டும் எதுக்கும்மா எதிர்ப்பக்கம்?" என்றார்.

"அம்மா அப்படித்தான் இருக்காங்க."

இளம் சாமியார் தயங்கினார். "எழும்பும்போது கிழக்கே பாத்து எழும்பணும்னுதான் அப்படி வைக்கறது. நீங்க யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சுட்டேன் ஃபாதர். எப்படி வெச்சாலும் திரும்பிக்கும்னு அப்பா சொல்வார். ரெண்டு பேருமா திரும்பிக்கட்டும்."

சாமியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். பெட்டி வாசலைக் காட்டிக்கொண்டு இறங்கியது. இந்த முறை நான் குழியின் ஓரத்திலேயே நின்று, குனிந்து, கடைசிவரை பார்த்தேன். பார்க்கச் சொல்ல யாரும் இல்லாதபோது.

அதற்குப் பிறகு அவளாக என்னோடு பேசவில்லை. சம்பங்கியை மறுபக்கம் மாற்றி வைக்கட்டுமா என்று ஃபோனில் கேட்டேன். "வைங்க" என்று சொன்னாள். சிலுவை அப்பா நட்ட இடத்திலேயே இருக்கட்டும் என்றாள்.

ஆடி மழை ஒன்று பெய்து மண் இளகியிருந்தது. கொத்துக்கரண்டியோடு போனேன். மேற்குப் பக்கத்துப் புதரை அப்படியே தோண்டி எடுத்தேன். பின்னிக்கிடந்த கிழங்குகளைப் பிரித்து, இருவரின் தலைப்பக்கமும் வாசலைப் பார்த்து வரிசையாகக் குழி போட்டேன். முழங்கால் வலியில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன். வேர் கீழே. கூர் மேலே. என்னிடம் பென்சில் இல்லை, விரல் இருந்தது.

கடைசிக் கிழங்கு ஒன்று அழுகி, வேரும் உதிர்ந்து, கூரும் முறிந்து உருண்டையாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எது மேல் என்று தெரியவில்லை.

"தெரியலீங்க" என்றேன், அந்த இரண்டு கல்லறைகளுக்கும் கேட்கும்படி. அதைப் படுக்க வைத்து மண்ணை மூடினேன்.